நல்ல தண்ணித் தொட்டி

பிப்ரவரி 3, திங்கள்

இன்று ஐந்தாவது வீட்டுக்கும் ஆள் வந்துவிட்டது. இனி ஒரு வீடும் காலி இல்லை. நூல்கடைக்காரர் வருடா வருடம் கொடுக்கிற டைரியில் முன்பு தறிக்கூலி எழுதுவேன். தறி போன பிறகு இரண்டு வருடமாக டைரி சும்மா கிடந்தது. நல்ல நாளாக இருக்கிறதே, இன்றிலிருந்து எழுதுவோம் என்று எடுத்தேன்.

பதினாறு விசைத்தறியையும் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, தறிக்கூடம் இருந்த இடத்தில் வங்கிக் கடன் வாங்கி ஐந்து லைன் வீடு கட்டினேன். நூல் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, மாதம் பிறந்தால் வாடகை வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டில் ருக்குமணி மட்டும் ஒன்று சொன்னாள். "நூலு அந்துபோனா தறி நின்னு சொல்லிரும். ஊடு எதையும் சொல்லாதுங்க."

வந்திருப்பவர்கள் பென்னாகரம் பக்கம். மாதேஷ் பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறான். மனைவி சுகுணாவுக்கு ஐந்து மாதம். சாமான் இறக்குவதற்கு முன்பே அந்தப் பெண் தண்ணீரைத்தான் கேட்டது.

"தண்ணி எப்படிங்கண்ணா?"

"உப்புத்தண்ணி போர்ல எந்நேரமும் வரும். நல்ல தண்ணி பைப்புல பத்து நாளைக்கு ஒருக்கா உடுவாங்க. அதைக் கீழ்த்தொட்டில புடிச்சு வெச்சிருக்கறேன். அஞ்சு ஊட்டுக்கும் எங்களுக்கும் அதுதான். எப்ப வேணும்னாலும் மோந்துக்குங்க."

"எங்க ஊர்ல ஒரு கொடத்துக்காக ரெண்டு கிலோமீட்டர் நடக்கணுங்கண்ணா" என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். மறுபேச்சில்லாமல் முன்பணத்தைக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

போர் மோட்டார் காற்றை இழுக்கிறது. காலையில் பத்து நிமிடம் ஓடியது, பிறகு வெறும் சத்தம். மோட்டார்காரர் வந்து கயிறு விட்டுப் பார்த்துவிட்டு, "மோட்டார்ல ஒண்ணும் இல்லீங்க. கீழ தண்ணி இல்லீங்க" என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

வடக்கு மூலையில் புது போர் போட்டோம். தேங்காய் வைத்துப் பார்ப்பவர் நானூறு அடியில் ஊற்று என்றார். ஆயிரத்து நூறு அடி வரை விட்டேன். மாவு மாவாகப் புழுதிதான் வந்தது. ஐந்து வீட்டுக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் போல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சுகுணா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போட்டா வந்துருங்கண்ணா" என்றது. நானும் அப்படி நினைத்துத்தான் கடைசி முந்நூறு அடியைப் போட்டேன்.

ருக்குமணியின் வளையல் நான்கும் அந்தக் குழிக்குள் போயின.

பிப்ரவரி 19, புதன்

உப்புத்தண்ணீர் லாரி வரத் தொடங்கியது. மூன்று நாளைக்கு ஒரு லாரி. மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு வீட்டு வாடகை அதற்கே போகிறது. மிச்சம் மூன்று வீட்டில்தான் வங்கித் தவணை கட்ட வேண்டும், பிறகுதான் எங்கள் சாப்பாடு.

பிப்ரவரி 26, புதன்

ருக்குமணி காலையில் ஒரு சொம்பு நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சளி பிடித்திருக்கிறது. இருந்தாலும் வீடு கட்டிய ஆறுச்சாமிக் கொத்தனாரை வரச் சொன்னேன். தொட்டிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். ஏறி வந்து பீடி பற்றவைத்தார்.

"செப்டிக் டேங்க் பக்கத்துச் செவுரு வெடிச்சிருக்குதுங்க. அந்தப் பக்கம் ரொம்பி நிக்குது. இங்க கசியுது."

தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் நான்கடிதான். ஐந்தாவது வீட்டுக்கு இடம் பிடிக்க அப்படி நெருக்கிப் போட வேண்டியதாயிற்று. நான்கு வீடு போதும் என்று அப்போதே ஆறுச்சாமி சொன்னதாக இப்போது சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

"என்ன பண்ணலாம்?"

"பூசுனா நிக்காதுங்க. இதை மூடிப்போட்டு, முன்னால கேட் பக்கத்துல புதுசா ஒரு தொட்டி கட்டோணும். அதுவரைக்கும் குடிக்க வேண்டாம்னு அஞ்சு ஊட்டுக்கும் சொல்லிப்போடுங்க."

அவர் சொன்ன தொகை இப்போது கையில் இல்லை. சித்திரைக்கு மேல் பார்க்கலாம் என்றேன். இப்போதைக்கு உள்ளே இறுக்கமாக ஒரு பூச்சு போடச் சொன்னேன். யோசித்துத்தான் ஒத்துக்கொண்டார். ஐந்து வீட்டிலும் இதைச் சொன்னால் ஐந்தும் காலியாகும். பூசியபின் சொல்ல என்ன இருக்கிறது?

மார்ச் 2, ஞாயிறு

எங்களுக்குக் கேன் தண்ணீர் போடச் சொல்லிவிட்டேன். ருக்குமணிக்கு முழங்கால் வலி. தொட்டியிலிருந்து குடம் தூக்க முடியவில்லை.

மார்ச் 5, புதன்

தொட்டியை இறைத்துக் கழுவிப் பூசியாயிற்று. மூன்றாவது வீட்டு டெய்லர் ஜெயசீலன் பார்த்துவிட்டு, "மத்த ஓனருங்கல்லாம் வருஷக்கணக்கா தொட்டி மூடியத் தொறக்கறதே இல்லீங்க" என்று பாராட்டினார். சுகுணா ஒரு கிண்ணத்தில் ராகிக் களியும் கீரைக் குழம்பும் கொடுத்தனுப்பியது. நன்றாக இருந்தது.

மார்ச் 20, வியாழன்

மதியம் சந்தையிலிருந்து வந்தபோது, ருக்குமணி எங்கள் கேனிலிருந்து ஒரு குடம் பிடித்து ஐந்தாம் வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பார்த்தேன். பத்து நாளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாளாம்.

"எதுக்கு?"

"வயித்துல புள்ளயோட இருக்கறா."

"கால் வலின்னியே."

நான் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் மற்ற நான்கு வீடும் ஏன் என்று கேட்கும். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பூசித்தான் ஆயிற்றே.

"பூச்சு நிக்கலீனா?"

"நின்னிருக்குது. நான் பாத்தேன்."

தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போது பூச்சைப் பார்க்க முடியாதுதான். ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

மார்ச் 21, வெள்ளி

ருக்குமணி குடம் கொண்டுபோகவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஜெயசீலன் மகளுக்கு மஞ்சள் காமாலை. ஏழாவது படிக்கிற பெண். பள்ளிக்கூட வாசலில் விற்கிற மாங்காயும் ஐஸும் தின்றால் வராமல் என்ன செய்யும்? கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னேன். வேலியோரம் இருந்ததை நானே பிடுங்கிக் கொடுத்தேன்.

லாரிக்காரர் ஒரு லோடுக்கு இருநூறு ஏற்றிவிட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

இப்போது ஜெயசீலனுக்கும். கண் இரண்டும் மஞ்சளாகத் தொட்டிப் பக்கத்தில் குந்தி, கையில் தண்ணீரை அள்ளி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனதும் எழுந்தார்.

"அன்னைக்கு எதுக்குங்க தொட்டியக் கழுவுனீங்க?"

"அழுக்கா இருந்துச்சு, கழுவுனேன்."

"கொத்தனார் எதுக்கு வந்தாரு?"

"ஏனுங்க ஜெயசீலன், என் தொட்டிக்குக் கொத்தனார் வந்தா உங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் வரோணுமா?"

சத்தம் கேட்டு மாதேஷ் வெளியே வந்தான். அவன்தான் ஜெயசீலனைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனான். "உடம்பு முடியாதவரு, வெயில்ல நிக்காதீங்க" என்றான். திரும்பி வந்து என்னிடமும், "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, பொண்ணுக்கு முடியாததுல பேசறாரு" என்றான். தன்மையான பையன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜெயசீலன் காலி செய்துவிட்டார். போகிற போக்கில், சுகாதாரத் துறைக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பிளீச்சிங் பவுடர் மூன்று கிலோ. கோடைக்காலத்தில் போடுவது நல்லதுதான்.

ஏப்ரல் 9, புதன்

சுகாதார ஆய்வாளர் வந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். குப்பியில் தண்ணீர் பிடித்து ஏதோ மருந்துச் சொட்டு விட்டார். மஞ்சள் நிறமானது. "குளோரின் நல்லாவே இருக்குதுங்க" என்றார்.

பிறகு, "செப்டிக் டேங்க் எங்கீங்க?" என்று கேட்டார்.

தறிக்கூடம் இருந்த காலத்தில் வேலையாட்களுக்காகத் தோண்டிய பழைய குழி ஒன்று பின்வேலியோரம் இருக்கிறது. அதைக் காட்டினேன். அதுவும் குழிதானே. அவர் இங்கிருந்து அங்குவரை நடந்து அடியளந்து எழுதிக்கொண்டார். செப்டிக் டேங்கின் மூடிமேல் நாலைந்து பூந்தொட்டி வைத்திருந்தேன், அதன் பக்கமாகத்தான் நடந்து போனார்.

"எதுக்கும் எல்லாரும் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

ருக்குமணி ஜன்னலில் நின்றிருந்தாள். மதியம் சோறு போட்டு வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. கோயிலுக்குப் போனோம். வந்து கனி வைத்த தட்டிலிருந்து ஐந்தாம் வீட்டுக்கு இரண்டு மாம்பழம் கொண்டுபோனாள் ருக்குமணி. போன வேகத்தில் பழத்தோடு திரும்பி வந்தாள்.

"அந்தப் புள்ளைக்குச் சாப்பாட்டைக் கண்டாலே கொமட்டுதாம். மூணு நாளா."

"மாசமா இருக்கறவளுக்குக் கொமட்டத்தான் செய்யும்."

"ஏழாம் மாசத்துலயாங்க?" என்றாள். பிறகு, "கண்ணப் பாத்தேனுங்க" என்றாள்.

ஏப்ரல் 17, வியாழன்

சுகுணாவுக்குக் காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே திருப்பூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்களாம். மாதேஷ் ஆட்டோ தேடிக்கொண்டு நின்றான். நான் தெரிந்த கார்காரரைக் கூப்பிட்டு வாடகையும் கொடுத்து அனுப்பினேன். சுகுணா ருக்குமணியின் கையைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறியது. உதட்டில் நிறமே இல்லை.

"ஊடு பூட்டிட்டேன். துணி காயுது, மழை வந்தா எடுத்து வெச்சுருங்கக்கா" என்றது.

மழை எங்கே வரப்போகிறது.

ஏப்ரல் 19, சனி

கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். சாதாரணக் காமாலை மற்றவர்களுக்கு வந்தால் பத்தியம் இருந்து எழுந்துவிடுவார்கள், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு ஈரலைப் பிடித்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னாராம். ருக்குமணி இரண்டு நாளாக அங்கேதான் இருக்கிறாள். நான் போனில் கேட்டேன்.

"எதுனால வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாருங்க" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை.

ஏப்ரல் 22, செவ்வாய்

சுகுணாவுக்கு நினைவு இல்லை. லாரி வரவில்லை. இரண்டாம் வீட்டிலும் நான்காம் வீட்டிலும் தண்ணீர் கேட்டுச் சத்தம்.

ஏப்ரல் 24, வியாழன்

விடிகாலை ஐந்தரைக்குப் போய்விட்டது. இருபத்து மூன்று வயது.

ஏப்ரல் 25, வெள்ளி

உடலை ஊருக்குக் கொண்டுபோனார்கள். ருக்குமணி வண்டியில் கூடவே போனாள். நான் போவதாகத்தான் இருந்தேன். லாரிக்காரர் வருவதாகச் சொன்னதால் நின்றுவிட்டேன். கொடியில் சுகுணாவின் துணி இன்னும் கிடந்தது. எடுத்து மடித்து வைத்தேன். லாரி நான்கு மணிக்குத்தான் வந்தது.

மே 2, வெள்ளி

இரண்டாம் வீடு, நான்காம் வீடு காலி. ஒன்றாம் வீட்டுக்காரர் மாதக் கடைசிவரை இருப்பாராம். வங்கியிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

ருக்குமணி பேசுகிறாள், சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மே 7, புதன்

பூர்வீகத் தோட்டத்தில் என் பங்காக இருந்த அரை ஏக்கரைத் தம்பிக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் கொடுத்த விலைதான். ஆறுச்சாமியைக் கூப்பிட்டுப் புதுத் தொட்டி வேலையைத் தொடங்கச் சொன்னேன். முதலில் பழைய தொட்டியை இறைத்தோம்.

மார்ச்சில் போட்ட பூச்சு பாளம் பாளமாகக் கழன்று கீழே கிடந்தது. வெடிப்பில் என் நான்கு விரலும் போயின. கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. ஆறுச்சாமி ஏணியில் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாள்ல கழண்டிருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் தாங்கியிருக்குமுங்க. நிக்காதுன்னு தெரிஞ்சுதான் பூசுனேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க, நான் சொன்னேன், பூசுனீங்க."

"கூலி வாங்குனேனுங்களே" என்றார். மேலே ஏறி வந்து கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டார். "இந்த வேலைக்கு வேற ஆள் பாத்துக்குங்க. எனக்கு இங்க வர முடியாதுங்க."

வேறு கொத்தனாரை வைத்துக் கேட் பக்கத்தில் கட்டுகிறேன். ஆறுச்சாமி சொன்ன தொகையைவிடப் பதினைந்தாயிரம் அதிகம்.

மே 18, ஞாயிறு

மாதேஷ் வீட்டைக் காலி செய்ய வந்தான். கூட அவனுடைய மச்சான் ஒருவன். மாதேஷ் ஆள் பாதியாகிவிட்டான். மொட்டை அடித்திருந்தான். சாமான் ஒன்றும் அதிகமில்லை. அரை மணி நேரத்தில் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். முழு முன்பணத்தையும் எடுத்து வைத்திருந்தேன். இரண்டு மாத வாடகை பாக்கியைக் கழிக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வாடகை கழிச்சுக்கலீங்களாண்ணா?"

"வேண்டாம் சாமி. வெச்சுக்க."

அப்போது ருக்குமணி உள்ளேயிருந்து வந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாதேசு, தொட்டித் தண்ணில செப்டிக் டேங்க் தண்ணி கலந்துச்சு. மாசி மாசமே எங்களுக்குத் தெரியும். கொத்தனாரு சொன்னாரு. நாங்க உங்ககிட்டச் சொல்லுல. நாங்க கேன் தண்ணி வாங்கிக் குடிச்சோம்."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். மச்சான் வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்டிருக்காது. மாதேஷ் ருக்குமணியின் தோளைத் தொட்டு எழுப்பப் பார்த்தான். அவள் எழவில்லை. அவனும் தரையில் உட்கார்ந்தான்.

"தண்ணி சரியில்லன்னு தெரியுங்கக்கா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சுகுணா முதல்ல இருந்தே சொல்லுச்சு, வாடை வருது, கேன் வாங்கலாமான்னு. பிரசவத்துக்குச் சேத்துட்டு இருக்கோம், இப்ப எதுக்குன்னு நான்தான் சொன்னேன். அப்ப காய்ச்சிக் குடிக்கறேன்னுச்சு. ரெண்டு நாள் காய்ச்சுச்சு. சிலிண்டர் சீக்கிரம் தீந்துருது, விடுன்னு அதையும் நிறுத்துனேன். எங்க ஊர்ல ஏரித் தண்ணியே குடிச்சிருக்கோம், இது என்ன பண்ணும்னேன்." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நீங்க கொஞ்ச நாள் கொடத்துல குடுத்தீங்க. அப்புறம் நிறுத்திட்டீங்க. அப்ப தொட்டி சரியாயிருச்சு போல, அதான் அக்கா நிறுத்திட்டாங்கன்னு நெனச்சோம். நான்தாங்கக்கா அவளுக்கு மோந்து குடுத்தேன். வயித்தப் பிடிச்சுட்டுக் குனிய முடியாதுன்னு நான்தான் தெனம் மோந்து குடுத்தேன்."

ருக்குமணி வாயில் துணியை வைத்துக்கொண்டாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "எல்லாம் அவளோட நேரம்" என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அவன் பணத்தை எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு, "வர்றேங்கக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான். என்னிடம் சொன்னானா என்று சரியாகக் கவனிக்கவில்லை.

உண்மையை எழுதினால் என்ன? அவன் சொல்லச் சொல்ல என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. தண்ணீர் சரியில்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. காய்ச்சுவதை நிறுத்தியது அவன்தான். நான் சொல்லியிருந்தாலும் அவன் கேன் வாங்கியிருக்க மாட்டான். நாற்பது நாளுக்குப் பிறகு இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மே 20, செவ்வாய்

காலை ஏழு மணிவரை தூங்கியிருக்கிறேன். எழுந்து வந்தபோது ருக்குமணி துணிப்பையைக் கட்டி வைத்திருந்தாள். கரூரில் மகள் வீட்டுக்குப் போகிறாளாம்.

"எப்ப வருவே?"

"தெரியலீங்க."

"தொட்டி கட்டி முடிச்சாச்சு. அடுத்த வாரம் ஊடு பாக்க ஆளுங்க வருவாங்க. நீ இல்லாம எப்படி?"

செருப்பைப் போட்டுக்கொண்டே பேசினாள். இரண்டு மாதத்தில் அவ்வளவு நீளமாக அவள் பேசிக் கேட்டதில்லை.

"தப்பு உங்களுது மட்டும் இல்லீங்க. குடத்த நிறுத்துனது நானு. நீங்க சொன்னீங்கன்னு நிறுத்துனேன், ஆனா நிறுத்துன கை என்னுது. அதையெல்லாம் சுமந்துக்கிட்டு உங்ககூட இங்கயே கெடக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா முந்தாநாளு அந்தப் பையன் பேசறப்ப நான் உங்க மூஞ்சியப் பாத்தேனுங்க. அதுக்கு மேல இங்க இருக்க முடியலீங்க."

பேருந்து நிலையம்வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பும்வரை நின்றேன். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்து கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். எப்போதும் உள்ள முகம்தான்.